நிறுத்தக் கோடான்களைக் கடந்து சென்ற வகுப்பு: இளநிலையில் உயிர்தகவலியல் கற்பித்தல் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

நிகழ்ந்தது

இளநிலை உயிரியல் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு உயிர்தகவலியல் (உயிரியல் தரவுகளைக் கணினியால் ஆராயும் துறை) பாடத்தை முதன்முறையாக நடத்திய பருவத்தின் இறுதிச் செய்முறைத் தேர்வில் நான் கொடுத்த வினா எளிமையானது என்றே கருதியிருந்தேன். 900 எழுத்துகள் கொண்ட ஒரு டிஎன்ஏ வரிசை. அது எந்தப் புரதத்துக்கான செய்தியைச் சுமக்கிறது, அந்தப் புரதம் செல்லுக்குள் என்ன வேலை செய்யக்கூடும் என்பதைக் கண்டறிந்து இரண்டு பக்கங்களில் அறிக்கை எழுத வேண்டும். வரிசை ஒரு பாக்டீரியாவின் மரபணுவிலிருந்து எடுக்கப்பட்டது. டிஎன்ஏவில் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் ஓடும் இரண்டு இழைகள் உண்டு; அந்த மரபணுவை நேர் இழையில் கொடுக்காமல் எதிர் இழையில் கொடுத்திருந்தேன். மாணவர்களை ஏமாற்றுவது என் நோக்கமன்று. மரபணுத்தொகுதியிலிருந்து கிடைக்கும் ஒரு துண்டில் மரபணு எந்த இழையில் இருக்கும் என்பது முன்கூட்டித் தெரியாது என்பதை அவர்கள் பருவத்தின் தொடக்க வாரங்களிலேயே படித்திருந்தார்கள்.

விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தபோது ஒரே தவறு தாளுக்குத் தாள் திரும்பி வந்தது. ஏறக்குறைய எல்லோரும் வரிசையை முதல் எழுத்திலிருந்து மும்மூன்றாகப் பிரித்து, புரதமாக மொழிபெயர்க்கும் கருவியில் இட்டிருந்தார்கள். கிடைத்த அமினோ அமில வரிசை நெடுகிலும் நிறுத்தக் கோடான்களை, அதாவது புரதம் இங்கே முடிகிறது என்று சொல்லும் மூன்றெழுத்துக் குறிகளை, காட்டும் உடுக்குறிகள் (*) சிதறிக் கிடந்தன. அவற்றுக்கு இடையில் சற்று நீளமாகத் தென்பட்ட ஒரு துண்டை வெட்டியெடுத்து, ஒத்த வரிசைகளைத் தரவுத்தளத்தில் தேடித் தரும் பிளாஸ்ட் கருவியில் கொடுத்து, பட்டியலின் முதல் வரியில் வந்த புரதத்தின் பெயரை விடையாக எழுதி, அதன் பணியைப் பற்றி ஒரு பக்கம் விளக்கமும் தந்திருந்தார்கள். அந்த முதல் வரியின் இ-மதிப்பு (அத்தகைய பொருத்தம் தற்செயலாக எத்தனை முறை கிடைக்கும் என்ற எண்) 1-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருந்ததை அவர்களே தங்கள் கையால் அட்டவணையில் குறித்தும் இருந்தார்கள். ஒரே ஒரு மாணவி மட்டும் தாளின் ஓரத்தில், 'இத்தனை நிறுத்தக் கோடான்கள் ஏன் வருகின்றன?' என்று பென்சிலால் எழுதியிருந்தார். ஆனால் அவரும் அந்தக் கேள்வியை அங்கேயே விட்டுவிட்டு, மற்றவர்கள் போன வழியிலேயே போயிருந்தார்.

இந்த மாணவர்கள் சோம்பேறிகளோ திறமை குறைந்தவர்களோ அல்லர். வாராந்தரச் செய்முறைப் பயிற்சிகளில் பெரும்பாலோர் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்கள். டிஎன்ஏ வரிசையை ஆறு சட்டகங்களிலும் (ஓர் இழைக்கு மூன்று தொடக்க இடங்கள் என, இரு இழைகளிலும் சேர்த்து ஆறு வாசிப்பு முறைகள்) மொழிபெயர்த்துத் தேடும் பிளாஸ்ட் வகையையும் அவர்கள் ஒரு வாரம் முழுக்கப் பயன்படுத்தியிருந்தார்கள். ஆகவே, அந்தத் தேர்வில் தோற்றது நான் வகுத்த பாடம் என்ற முடிவுக்கு வருவதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

பழைய பாடம் எப்படி இருந்தது

முதல் பருவத்தின் அமைப்பு வாரத்துக்கு ஒரு கருவி என்பதுதான். ஒரு வாரம் டிஎன்ஏ வரிசைகளின் தரவுத்தளமான ஜென்பேங்க், அடுத்த வாரம் புரதங்களின் தரவுத்தளமான யூனிபுரோட், அதற்கடுத்து பிளாஸ்ட், பிறகு பல வரிசைகளை ஒன்றாகப் பொருத்தும் கருவி, பரிணாம மரம் வரையும் கருவி, புரத அமைப்புகளின் தரவு வங்கி என்று வரிசையாகச் சென்றோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு செய்முறைத்தாள் உண்டு. எந்தப் பெட்டியில் எதை ஒட்ட வேண்டும், எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், திரையில் என்ன தெரியும் என்பதெல்லாம் படங்களோடு அச்சிட்டிருப்பேன். மாணவர்கள் தங்கள் திரையையும் தாளிலுள்ள படத்தையும் ஒப்பிடுவார்கள். இரண்டும் ஒத்திருந்தால் பயிற்சி முடிந்தது. சேவையகம் மெதுவாக இயங்கும் நாள்களில்கூட எல்லோரும் உரிய நேரத்தில் முடித்துவிடுவார்கள். அதை நான் வெற்றி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பின்னோக்கிப் பார்த்தால், அங்கே நடந்த பயிற்சி படத்தோடு படத்தைப் பொருத்திப் பார்ப்பது மட்டுமே.

சோதனைக்கூடத்தில் வேலை பிசகினால் பொருள்களே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஜெல்லில் பட்டை விழாது. தட்டில் காலனி வளராது. கரைசல் நிறம் மாறாது. கணினி அப்படியன்று. தவறான இழையைக் கொடுத்தாலும், தவறான சட்டகத்தைக் கொடுத்தாலும், ஏன், எழுத்துகளைக் கலைத்துப் போட்டுக் கொடுத்தாலும், அது அதே ஒழுங்கோடும் அதே வண்ணங்களோடும் ஓர் அட்டவணையைத் திருப்பித் தரும். உயிரியல் மாணவர்கள் மூன்று ஆண்டுகளாகப் பழகிய எச்சரிக்கை அடையாளங்கள் எதுவும் அந்தத் திரையில் இல்லை. அந்த அடையாளங்களை மாணவரே தம் கையால் உண்டாக்கிக்கொள்ளக் கற்றுக்கொடுப்பதுதான் இந்தப் பாடத்தின் முதல் வேலை என்பதை அந்த விடைத்தாள்களைத் திருத்திய பிறகே உணர்ந்தேன்.

மாற்றம்: கணித்து எழுதிய பிறகே இயக்குதல்

இரண்டாம் பருவத்தில் கருவிகளின் எண்ணிக்கையைப் பாதிக்கும் கீழாகக் குறைத்தேன். செய்முறைத்தாள்களைக் கைவிட்டேன். அவற்றுக்குப் பதிலாக ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பேடு. எந்தக் கருவியை இயக்குவதற்கு முன்பும் மாணவர் அதில் மூன்று வரிகள் எழுத வேண்டும்: என்ன விடையை எதிர்பார்க்கிறேன், ஏன் எதிர்பார்க்கிறேன், என்ன வந்தால் எங்கோ தவறு நேர்ந்திருக்கிறது என்று கொள்வேன். பேனாவால் எழுத வேண்டும், பின்னர் அழிக்கக் கூடாது. கணிப்பு தவறினால் மதிப்பெண் குறையாது. கணிக்காமல் இயக்கினால் குறையும்.

முதல் ஐந்து வாரங்கள் முழுவதற்கும் ஒரே மரபணுவை எடுத்துக்கொண்டோம்: ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை உருவாக்கும், மனிதனின் பீட்டா குளோபின். கதிர் அரிவாள் இரத்தச் சோகையை உண்டாக்கும் திடீர்மாற்றம் இதில்தான் இருக்கிறது. ஆறாவது அமினோ அமிலமான குளுடாமிக் அமிலத்தின் இடத்தில் வாலைன் வருகிறது என்று பள்ளிக்காலம் முதலே அவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். தெரிந்த செய்தி என்பதால்தான் இதைத் தேர்ந்தேன். தரவுத்தளத்திலிருந்து புரத வரிசையை எடுத்து ஆறாவது எழுத்தைப் பார்க்கச் சொன்னேன். எல்லோருடைய குறிப்பேட்டிலும் 'குளுடாமிக் அமிலம் இருக்கும்' என்ற கணிப்பு இருந்தது. திரையில் ஆறாவது இடத்தில் புரோலின் இருந்தது.

வகுப்பு சில நிமிடங்கள் குழம்பியது. தவறான புரதத்தை எடுத்துவிட்டோமோ என்று சிலர் மறுபடி தேடினார்கள். பிறகு ஒரு மாணவர், வரிசையின் தொடக்கத்தில் மெத்தியோனின் இருப்பதைக் காட்டினார். செல்லுக்குள் புரதம் முதிரும்போது அந்த மெத்தியோனின் நீக்கப்பட்டுவிடுகிறது. 1950-களில் இந்த மாற்றத்தை வெர்னான் இங்கிரம் கண்டறிந்தபோது ஆராய்ந்தது முதிர்ந்த புரதத்தை. அதனால் அந்த எண் 6. தரவுத்தளம் வைத்திருப்பது மெத்தியோனினோடு சேர்ந்த 147 அமினோ அமிலங்களை. அங்கே அதே இடத்தின் எண் 7. இரண்டும் சரியானவை, ஆனால் எதிலிருந்து எண்ணுகிறோம் என்பதைச் சொல்லாவிட்டால் இரண்டும் பயனற்றவை.

இந்த ஒரே எழுத்தின் முகவரிகளைத் தொகுப்பதிலேயே ஒரு முழு வாரம் கழிந்தது. எந்தப் பயிற்சியும் இதைவிடப் பலன் தந்ததில்லை என்பேன். புரதக் குறியீட்டுப் பகுதியின் தொடக்கத்திலிருந்து எண்ணினால் மாறும் எழுத்து 20-ஆவது. தூது ஆர்என்ஏவின் முன்பகுதியில் மொழிபெயர்க்கப்படாத 50 எழுத்துகள் இருப்பதால் அங்கே அது 70-ஆவது. 11-ஆவது குரோமோசோமில் அதன் இடம், பயன்படுத்தும் மேற்கோள் தொகுப்பின் (எல்லோரும் ஒப்பிடப் பயன்படுத்தும் மனித மரபணுத்தொகுதி வரிசை) பதிப்பைப் பொறுத்தது: 37-ஆம் பதிப்பில் 52,48,232, 38-ஆம் பதிப்பில் 52,27,002. ஏறத்தாழ 21,000 எழுத்துகள் இடைவெளி. ஒரு கோப்பு பழைய பதிப்பிலும் இன்னொன்று புதிய பதிப்பிலும் இருந்தால் நிரல் எந்தப் பிழையும் காட்டாமல் வேறோர் இடத்தைப் படித்துவிடும். மேலும், எண்ணிக்கையைச் சுழியிலிருந்து தொடங்கும் கோப்பு வடிவங்களும் உண்டு, ஒன்றிலிருந்து தொடங்குபவையும் உண்டு. அதனால் ஓர் எழுத்து முன்னும் பின்னும் நழுவுவது வெகு இயல்பாக நேர்கிறது.

இவற்றோடு இழையும் சேர்ந்துகொள்கிறது. ஜி-ஏ-ஜி என்ற கோடான் ஜி-டி-ஜி ஆகிறது, அதாவது ஏ என்ற எழுத்து டி ஆகிறது என்று மரபியல் பாடத்தில் படித்தவர்கள், குரோமோசோம் அடிப்படையிலான தரவுத்தளத்தில் அதே திடீர்மாற்றம் டி என்பது ஏ ஆவதாகப் பதிவாகியிருப்பதைக் கண்டு திகைத்தார்கள். பீட்டா குளோபின் மரபணு குரோமோசோமின் எதிர் இழையில் இருப்பதே காரணம். முந்தைய பருவத்தின் தேர்வில் ஒரு வகுப்பையே வீழ்த்திய கருத்து இது. இங்கே அவர்கள் கணித்தது ஒன்று, கண்டது வேறொன்று என்ற நிலையில் எதிர்ப்பட்டதால், விளக்கத்தை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர்களே கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்தார்கள்.

நான்கு எழுத்தில் ஒரு சோதனை

நிரலாக்கத்துக்கு நான்கு வாரங்கள் ஒதுக்கினேன். மொழி பைத்தான். நோக்கம் நிரலாளர்களை உருவாக்குவதன்று. தாங்கள் பயன்படுத்தும் கருவிகளுக்கு உள்ளேயும் யாரோ ஒருவர் எழுதிய வரிகள்தாம் இருக்கின்றன, அவையும் தவறக்கூடும் என்பதை அனுபவத்தில் அறியச் செய்வது.

முதல் பணி, ஒரு டிஎன்ஏ வரிசையின் எதிர் இழையை எழுதித் தரும் நிரல். வரிசையைத் திருப்பிப்போட்டு, ஏ-வுக்கு டி, டி-க்கு ஏ, ஜி-க்கு சி, சி-க்கு ஜி என்று மாற்ற வேண்டும். பலரும் எழுதிய நிரல், எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றும் நான்கு கட்டளைகளைக் கொண்டிருந்தது. முதல் கட்டளை எல்லா ஏ-க்களையும் டி ஆக்குகிறது. இரண்டாம் கட்டளை, சற்றுமுன் உருவான டி-க்கள் உட்பட எல்லாவற்றையும் ஏ ஆக்குகிறது. அடுத்த இரண்டு கட்டளைகளும் அதே வேலையை ஜி, சி இரண்டுக்கும் செய்கின்றன. முடிவில் வரும் வரிசையில் டி-யும் சி-யும் அறவே இல்லை. நிரல் பிழைச்செய்தி எதுவும் தருவதில்லை. நீளமும் சரியாக இருக்கிறது. நூறு எழுத்துள்ள வரிசையைக் கொடுத்துப் பார்த்தவர்களில் சிலர் அதைச் சரியென்றே ஏற்றுக்கொண்டு அடுத்த பணிக்குப் போய்விட்டார்கள்.

நான் அவர்களைச் சிறிய வரிசை ஒன்றைக் கையால் செய்து, அதை நிரலின் விடையோடு ஒப்பிடச் சொன்னேன். ஒரு குழு ஏ-சி-ஜி-டி என்ற நான்கெழுத்தைத் தேர்ந்தது. நான்கு எழுத்தும் ஒருமுறை வருவதால் அது முழுமையான சோதனை என்பது அவர்கள் வாதம். கையால் செய்தபோதுதான் தெரிந்தது, ஏ-சி-ஜி-டி-யின் எதிர் இழையும் ஏ-சி-ஜி-டி-யேதான். எதுவுமே செய்யாமல் கொடுத்ததைத் திருப்பித் தரும் நிரல்கூட அந்தச் சோதனையில் தேறிவிடும். அவர்கள் ஏ-ஏ-சி-ஜி என்று மாற்றினார்கள். எதிர்பார்க்க வேண்டியது சி-ஜி-டி-டி. பிழையுள்ள நிரல் தந்தது ஜி-ஜி-ஏ-ஏ. அந்தக் குழுவின் குறிப்பேட்டில், 'சோதனைக்கு எடுக்கும் வரிசை, தவறான நிரலைத் தோற்கடிக்கக் கூடியதாக இருக்க வேண்டும்' என்று எழுதியிருந்தார்கள். அதை அடுத்த வகுப்பில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். கேட்டால் உடனே நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை மாணவர்கள் பயன்படுத்துவதை நான் தடுக்கவில்லை. ஆனால் எந்தச் சோதனை வரிசையால் அந்த நிரலைப் பரிசோதித்தோம், ஏன் அதைத் தேர்ந்தோம் என்பது குறிப்பேட்டில் அவர்கள் கையெழுத்தில் இருந்தாக வேண்டும்.

அடுத்த நிரல் ஆறு சட்டகங்களிலும் நிறுத்தக் கோடான்களை எண்ணுவது. அதற்கு முன் காகிதத்தில் ஒரு கணக்கு. 64 கோடான்களில் 3 நிறுத்தக் கோடான்கள். ஆகவே எழுத்துகள் தற்செயலாக அமைந்த வரிசையில் சராசரியாக 21 கோடான்களுக்கு ஒன்று நிறுத்தமாக வரும். 100 கோடான்கள் தொடர்ந்து நிறுத்தமின்றி ஓடுவதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. இந்தக் கணக்கைச் செய்தவர், 300 கோடான்கள் நீளமுள்ள சட்டகத்தில் பத்துப் பதினைந்து உடுக்குறிகளைக் கண்டால், தாம் பார்ப்பது மரபணு வாசிக்கப்படும் சட்டகம் அன்று என்று ஐயுறுவார். முதல் பருவத்தில் நான் இந்தக் கணக்கைச் சொல்லாமல் விட்டது, கணிதம் என்றால் உயிரியல் மாணவர்கள் ஒதுங்கிவிடுவார்கள் என்ற என் தவறான முன்முடிவால். உண்மையில் பள்ளிக் கணிதத்துக்கு மேற்பட்டது எதுவும் இதில் தேவைப்படவில்லை.

கையால் நிரப்பிய அட்டவணை, கலைத்துப் போட்ட புரதம்

இரண்டு வரிசைகளைப் பொருத்திப் பார்க்கும் முறையைக் காகிதத்தில் செய்ய வைத்தேன். நீடில்மன், வுன்ஷ் இருவரும் 1970-இல் வெளியிட்ட முறை அது. ஆறெழுத்து வரிசைகள் இரண்டு. நிரப்ப வேண்டியவை 49 கட்டங்கள். இந்தச் சிறு வரிசைகளையே இடைவெளிகள் விட்டுப் பொருத்த 8,989 வழிகள் உண்டு என்று சொன்னபோது, 49 கட்டங்களுக்குள் அத்தனை வழிகளையும் எடைபோட்டுவிடுவது எவ்வளவு பெரிய சேமிப்பு என்பது அவர்களுக்குப் புரிந்தது. இடைவெளிக்கு ஏன் இரண்டு மதிப்பெண் கழிக்க வேண்டும், ஒன்று கழித்தால் என்ன என்று ஒரு மாணவி கேட்டார். மாற்றிப் பாருங்கள் என்றேன். சிறந்த பொருத்தமே மாறிவிட்டது. மதிப்பெண் முறை என்பது பரிணாமத்தில் எது எளிதில் நிகழும், எது அரிதாக நிகழும் என்பது பற்றிய ஓர் ஊகம் என்ற செய்தி அங்கே பிறந்தது. அதன்பின் 1992-இல் ஹெனிகாஃப் இணையர் உருவாக்கிய, அமினோ அமிலங்களின் ஒவ்வொரு இணைக்கும் மதிப்பெண் தரும் பிளோசம் 62 அட்டவணையைத் திறந்தோம். அலனின் அலனினோடு சேர்ந்தால் 4, டிரிப்டோஃபான் டிரிப்டோஃபானோடு சேர்ந்தால் 11 என்றிருப்பதன் காரணத்தை அவர்களால் தாங்களாகவே சொல்ல முடிந்தது: டிரிப்டோஃபான் அரிது, பாதுகாக்கப்பட்ட இடங்களில் அதற்கு மாற்றாக வேறொன்று வருவதும் அரிது.

பிளாஸ்ட் வாரத்தில் ஒரு கட்டுப்பாட்டுச் சோதனையைச் சேர்த்தேன். சோதனைக்கூடத்தில் கட்டுப்பாடு இல்லாத சோதனையை இவர்கள் ஏற்கவே மாட்டார்கள். கணினிக்கு முன் உட்கார்ந்ததும் அதை மறந்துவிடுகிறார்கள். மனித மையோகுளோபினின் 154 அமினோ அமிலங்களையும் தாங்களே எழுதிய நிரலால் தாறுமாறாகக் கலைத்து, உண்மையான வரிசையையும் கலைத்ததையும் தனித்தனியே தேட வேண்டும். கலைத்த வரிசைக்கு எந்த விடையும் வராது என்பது பெரும்பாலோரின் கணிப்பு. இ-மதிப்பின் வரம்பை நீங்கள் தளர்வாக வைத்திருந்தால் வரும். முதல் வரியில் ஒரு புரதத்தின் பெயரும் இருக்கும். அதன் இ-மதிப்பைப் பார்த்தால், இந்த அளவு தரவுத்தளத்தில் இப்படியொரு பொருத்தம் தற்செயலாகவே ஓரிரு முறை கிடைக்கும் என்று அந்த எண் தெளிவாகச் சொல்லிக்கொண்டிருக்கும். முந்தைய ஆண்டு மாணவர்கள் தேர்வுத்தாளில் குறித்து வைத்த எண்ணும் இதே வகையானதுதான். தரவுத்தளம் ஆயிரம் மடங்கு பெருகினால் அதே பொருத்தத்தின் இ-மதிப்பும் ஆயிரம் மடங்கு கூடும் என்பதையும், சிறிய தொகுப்பிலும் பெரிய தொகுப்பிலும் ஒரே வரிசையைத் தேடிக் கண்டுகொண்டார்கள்.

இங்கே மொழி சார்ந்த ஒரு திருத்தமும் தேவைப்பட்டது. 'இவ்விரண்டும் 40 விழுக்காடு ஒருமூல உறவுடையவை' என்பது போன்ற வாக்கியங்கள் அறிக்கைகளில் தொடர்ந்து வந்தன. ஒத்திருப்பதை விழுக்காட்டில் சொல்லலாம்; ஒரே மூதாதையிலிருந்து வந்திருப்பதை விழுக்காட்டில் சொல்ல முடியாது. வந்திருக்கின்றன, அல்லது வரவில்லை. ஒப்புமை நாம் அளந்த சான்று; பொது மூதாதை அந்தச் சான்றிலிருந்து நாம் எடுக்கும் முடிவு. இரண்டையும் கலந்து எழுதும் பழக்கம் ஆய்வுக்கட்டுரைகளிலும் உண்டு என்பதால் மாணவர்களை மட்டும் குறை சொல்ல இயலாது.

மரம் தவறா, கேள்வி தவறா

மனிதன், சுண்டெலி, கோழி ஆகியவற்றின் ஆல்ஃபா, பீட்டா குளோபின்களை ஒன்றாகச் சேர்த்துப் பரிணாம மரம் வரையச் சொன்ன வாரத்தில், வகுப்பில் பாதிப்பேர் மரம் தவறாக வந்துவிட்டதென்று முடிவு செய்தார்கள். அவர்கள் கணித்தது, சுண்டெலியின் இரண்டு குளோபின்களும் ஒரே கிளையில் அடுத்தடுத்து நிற்கும் என்று. வந்த மரத்திலோ சுண்டெலியின் ஆல்ஃபா மனிதனின் ஆல்ஃபாவோடும், சுண்டெலியின் பீட்டா மனிதனின் பீட்டாவோடும் நின்றன. ஆல்ஃபாவும் பீட்டாவும் ஏறத்தாழ 45 முதல் 50 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆதி முதுகெலும்பிகளில் ஒரு மரபணு இரட்டிப்பானதால் பிரிந்தவை. மனிதனும் சுண்டெலியும் பொது மூதாதையிலிருந்து பிரிந்தது ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. ஆகவே மரபணுக்களின் மரம் அப்படித்தான் இருக்க வேண்டும். அவர்கள் மனத்தில் வைத்திருந்தது உயிரினங்களின் மரம். கணிப்பு பொய்த்த இடத்தில் தவறு கருவியில் இல்லை, தங்கள் கேள்வியில் இருந்தது என்று கண்டுபிடித்த முதல் வாரம் இது. சந்தேகம் இரு பக்கமும் பாய வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடத்தை என்னால் வடிவமைக்க முடிந்ததில்லை.

முதல் வரியில் வந்ததே நெருங்கிய உறவு என்று நம்புவதன் விளைவை அறிய, நுண்ணிய விலங்கான நீர்க்கரடியின் மரபணுத்தொகுதி குறித்து 2015-இல் எழுந்த விவாதத்தைக் கொடுத்தேன். அதன் மரபணுக்களில் ஆறில் ஒரு பங்கு பாக்டீரியா முதலிய பிற உயிரிகளிடமிருந்து வந்தவை என்று ஓர் ஆய்வு அறிவித்தது. அதே இனத்தின் மரபணுத்தொகுதியைத் தனியே படித்துக்கொண்டிருந்த இன்னொரு குழு, அவற்றில் பெரும்பகுதி மாதிரியோடு சேர்ந்து வந்துவிட்ட பாக்டீரியாக்களின் டிஎன்ஏ என்று சில நாள்களிலேயே காட்டியது. தேர்ந்த ஆய்வாளர்களுக்கும் இது நேரும் என்று அறிந்தபோது மாணவர்கள் தங்கள் தவறுகளைக் குறிப்பேட்டில் மறைக்காமல் எழுதத் தொடங்கினார்கள். அட்டவணைச் செயலியான எக்செல், செப்ட்2, மார்ச்1 என்ற மரபணுப் பெயர்களைத் தேதிகளாக மாற்றிவிடுவதையும், அந்தத் தொல்லை தீராமல் பெயர்சூட்டும் குழு 2020 அளவில் அந்தப் பெயர்களையே மாற்ற நேர்ந்ததையும் ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொண்டோம். ஒருமுறை கண்ணால் பார்த்தால் போதும், மறக்காது.

சரியாக அமையாதவை

கட்டளை வரியில் வேலை செய்யும் பயிற்சிக்கு இரண்டு வாரங்கள் ஒதுக்கியது போதவில்லை. கோப்பு எந்த அடைவில் இருக்கிறது என்பதே தெரியாமல் மாணவர்கள் தடுமாறினார்கள். அன்றாடம் கைப்பேசியில் புழங்கியவர்களுக்கு அடைவு, பாதை என்ற கருத்துகள் புதியவை என்பதை நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. சிலர் அந்த இரண்டு வாரங்களில் பாடத்தின் மீதே நம்பிக்கை இழந்தார்கள். அது என் திட்டமிடலின் குறை. கோப்புகளைக் கையாள்வதை முதல் வாரத்திலேயே, டிஎன்ஏ எதுவும் இல்லாமல், தனியே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

இருவருக்கு ஒரு கணினி என்று அமர்த்தியதும் முதலில் தீங்காகவே முடிந்தது. வேகமாகத் தட்டச்சு செய்பவர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார், மற்றவர் பார்த்துக்கொண்டிருப்பார். பதினைந்து நிமிடங்களுக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும், விசைப்பலகை கையில் இல்லாதவரே கணிப்பை எழுத வேண்டும் என்று விதித்த பிறகு நிலைமை சீரானது. முப்பது பேர் ஒரே நேரத்தில் பொதுச் சேவையகத்தில் தேடினால் காத்திருப்பு நீளும் என்பதால், ஒவ்வொரு தேடலின் விடையையும் முன்கூட்டியே சேமித்து வைத்திருந்தேன். கணிப்பை எழுதிக் காட்டியவர்களுக்கு மட்டும் அந்தக் கோப்பு கிடைக்கும்.

ஆசிரியருக்கான சுமையையும் சொல்ல வேண்டும். செய்முறைத்தாளைத் திருத்துவது ஒரு மாலைப் பொழுது வேலை. குறிப்பேடுகளைப் படிப்பது அப்படியன்று. ஒவ்வொருவரின் கணிப்பும் வேறு, தவறும் வேறு. எல்லாவற்றையும் வாரந்தோறும் படிக்க முடியாமல், சுழற்சி முறையில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் படித்தேன்.

இரண்டாம் தேர்வு

இரண்டாம் பருவத்தின் இறுதித் தேர்வில் இரண்டு வினாக்கள். ஒன்று பழைய வகைதான்: வேறொரு மரபணு, மீண்டும் எதிர் இழையில். மற்றொன்றில், நானே எழுதிய இரண்டு பக்க அறிக்கை ஒன்றைக் கொடுத்து அதில் ஒளிந்திருக்கும் மூன்று தவறுகளைக் காணச் சொன்னேன். அவை எண்ணிடலில் ஒன்று, இ-மதிப்பைப் படித்ததில் ஒன்று, மரபணு மரத்தை உயிரின மரமாக எடுத்துக்கொண்டதில் ஒன்று.

முதல் வினாவில் பெரும்பாலோர் ஆறு சட்டகங்களையும் எண்ணிப் பார்த்து, எதிர் இழையில் நிறுத்தமின்றி நீண்டு ஓடும் திறந்த சட்டகம் இருப்பதைக் கண்டு, சரியான புரதத்தை அடைந்தார்கள். சட்டகத்தைக் கண்டபின் தேடல் அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அதில் எனக்கு நிறைவுதான். இரண்டாம் வினாவில்தான் நான் எதிர்பாராத ஒன்று வெளிப்பட்டது. பலர் மூன்று தவறுகளைக் காண்பதற்குப் பதிலாகப் பத்துப் பன்னிரண்டு ஐயங்களை அடுக்கியிருந்தார்கள். தரவுத்தளத்தில் பிழை இருக்கலாம், மாதிரி மாசுபட்டிருக்கலாம், பதிப்பு மாறியிருக்கலாம், கருவியின் இயல்புநிலை அமைப்புகள் பொருந்தாமல் இருக்கலாம் என்று நீண்ட பட்டியல். ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் நியாயமானது. ஆனால் கொடுக்கப்பட்ட அறிக்கையில் அவற்றில் எது உண்மையில் நிகழ்ந்திருக்கிறது என்று சோதித்துப் பார்க்கும் முயற்சி அவர்களிடம் இல்லை. முதல் வகுப்பு எதையும் ஐயுறவில்லை என்றால், இந்த வகுப்பில் ஒரு பகுதியினர் ஐயத்தை எழுதிவிட்டாலே கடமை முடிந்தது என்று கொண்டுவிட்டார்கள். குறிப்பேட்டுக்கு நான் மதிப்பெண் வழங்கிய விதமும் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது: 'என்ன வந்தால் தவறு என்று கொள்வேன்' என்ற வரியை எழுதியவருக்கு மதிப்பெண் கிடைத்தது, அந்த வரியை எடுத்துக்கொண்டு மேலே போனாரா என்று நான் பார்க்கவில்லை.

அதனால் இப்போது நடக்கும் மூன்றாம் பருவத்தில் குறிப்பேட்டின் மூன்று வரிகளோடு நான்காவதாக ஒரு வரியைச் சேர்த்திருக்கிறேன். எழுதிய ஐயத்தை ஒரு மணி நேரத்துக்குள், கையில் இருக்கும் தரவைக் கொண்டே தீர்க்கக்கூடிய ஒரு சோதனையைக் குறிப்பிட வேண்டும். அடுத்த வகுப்புக்குள் அதைச் செய்து விடையையும் எழுத வேண்டும். சோதிக்க வழியில்லாத ஐயங்களைத் தனியே ஒரு பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்; அவற்றுக்கு மதிப்பெண் இல்லை. நான்காம் வாரக் குறிப்பேடுகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அவற்றில் ஒன்றில் இப்படி இருக்கிறது: 'முதல் சட்டகத்தில் 11 நிறுத்தங்கள். இழை மாறியிருக்கலாம் என்று ஐயம். திருப்பி எண்ணினேன். எதிர் இழையின் இரண்டாம் சட்டகத்தில் நிறுத்தம் ஒன்றே ஒன்று, அதுவும் கடைசியில்.'